இந்தியாவை இனிக்க வைத்த தமிழர்

மும்பையில் வெயில் ஏறிவிட்டால் தெருவுக்குத் தெரு சலங்கைச் சத்தம் கேட்கும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கோயில் மாடு வருகிறதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். மாடு அல்ல, ரசவந்திக் கடை! கரும்பு பிழியும் எந்திரத்தின் சக்கரத்தில் சலங்கை கட்டியிருப்பார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற அது ஜல்ஜல் என்று ஒலிக்கும். ஷிப்டு முடிந்து வரும் நம்மவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நின்று ஒரு கிளாஸ் ரசம் குடித்துவிட்டுப் போகிறார்கள். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்துப் பிழிந்த அந்த ரசத்துக்கும் நம்முடைய கோயமுத்தூருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்?

நான் கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கிறவன். கோலாப்பூர், சாங்லி, சதாரா பக்கத்து ஆலைகளின் சர்க்கரை மூட்டைகள் பல நாள் என் கண் முன்னால் ஏறி இறங்குகின்றன. அந்தப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். என்ன கரும்பு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, 86032 என்று எண்ணை மட்டும் சொன்னார். எண்ணுக்கு முன்னால் 'கோ' என்று ஒரு எழுத்து உண்டே, அது என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. கரும்பு நன்றாக வந்தால் போதும்.

அந்த 'கோ' என்பது கோயமுத்தூரைக் குறிக்கும். மகாராஷ்டிரத்தில் மட்டுமல்ல, பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கரும்பு வயலில் நின்றுகொண்டு கேட்டாலும் இந்த 'கோ' வரும். ஒரு காலத்தில் கடல் கடந்து அமெரிக்காவின் லூசியானாவிலும், தென்னாப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் கூட இந்த எழுத்து போய் நின்றது. நின்றதற்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். திருவாடி சாம்பசிவ ஐயர் வெங்கட்ராமன் என்பது அவருடைய முழுப் பெயர். பிற்காலத்தில் சர் டி.எஸ்.வெங்கட்ராமன் என்று நாடு அறிந்தது. 1884-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி பிறந்தவர்.

அவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் கரும்பின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் வாழ்க்கை முழுவதும் கரும்புப் பூவோடுதான் கழிந்தது.

கரும்பு பூக்குமா?

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கரும்புக் கொல்லையின் உச்சியில் வெள்ளி நிறத்தில் பஞ்சு போலக் கதிர் ஆடும். கரும்பு நட்ட விவசாயிக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். பூத்த கரும்பு அதற்கு மேல் வளராது. நாளாக நாளாக உள்ளே சக்கை கட்டும். பூத்தால் நஷ்டம் என்பது குடியானவன் கணக்கு.

ஆனால் புதிய கரும்பு ரகம் உண்டாக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கோ, கரும்பு பூக்காவிட்டால் பிழைப்பே இல்லை. காரணம் இதுதான். நாம் கரும்பை விதை போட்டுப் பயிர் செய்வதில்லை. கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கரணையாக நடுகிறோம். கணுவில் இருக்கும் பரு முளைத்துப் புதுக் கரும்பாகிறது. அது புதுக் கரும்பு என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது பழைய கரும்பேதான். தாய்க் கரும்பின் குணம் அத்தனையும் அப்படியே இருக்கும். தாய் இனிப்பு என்றால் அதுவும் இனிப்பு. தாய்க்கு ஒரு நோயைத் தாங்கும் சக்தி இல்லையென்றால் அதற்கும் இல்லை. நூறு ஏக்கரில் நின்றாலும் அது ஒரே கரும்பின் நூறாயிரம் துண்டுகள்தான்.

விதையில் பிறப்பது அப்படியல்ல. பூவில் மகரந்தமும் சூலும் சேர்ந்து உண்டாகும் விதையில் தாயின் குணத்தில் கொஞ்சமும் தந்தையின் குணத்தில் கொஞ்சமும் கலந்துவிடுகிறது. ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளே ஒருவர் போல ஒருவர் இருப்பதில்லை அல்லவா? ஒரே கதிரில் விளைந்த ஆயிரம் கரும்பு விதைகளும் ஆயிரம் விதமான கரும்புகளாக வரும். ஒன்று பருமனாக இருக்கும். ஒன்று ஈர்க்குச்சி போல இருக்கும். ஒன்று இனிக்கும், ஒன்று சப்பென்று இருக்கும். அந்த ஆயிரத்தில் ஒன்று, தாய் தந்தை இருவரையும் விட உயர்ந்ததாகவும் அமையலாம். அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு கவலையில்லை. கரணை வெட்டி நாடெங்கும் நடலாம்.

கரும்புப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் பூ என்றே தோன்றாது. ஒரு கதிரில் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றிப் பட்டு நூல் போன்ற மயிர். உள்ளே மகரந்தப் பை மூன்று. நடுவில் ஒரு சூலகம். அதன் தலையில் இறகு போல விரிந்த இரண்டு சூல்முடிகள். வண்ணம் கிடையாது, வாசனை கிடையாது, தேனும் கிடையாது. வண்டு வர வேண்டிய அவசியம் இல்லாத பூ இது. காற்றுதான் இதற்குத் தரகர். விடியற்காலையில் பூ விரியும்போது காற்று மகரந்தத்தைக் கொண்டுபோய் இறகில் சேர்க்கிறது. மகரந்தத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. விழும் விதையோ ஒரு கடுகளவு கூட இல்லை. பஞ்சோடு பறந்துபோய்விடும்.

இதனால்தான் கரும்புக்கு விதையே கிடையாது என்று உலகம் வெகுகாலம் நம்பி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், 1887, 1888-ம் ஆண்டுகளில்தான், ஜாவாவிலும் பார்படாஸ் தீவிலும் கரும்பு விதை முளைக்கும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் நிச்சயமாகக் காட்டினார்கள். ஜாவாவின் சர்க்கரைத் தொழில் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. இந்தியா கீழேயே நின்றது.

ஈர்க்குச்சிக் கரும்பு

அன்றைய வட இந்தியாவின் நிலை என்ன? பஞ்சாபில் 'கத்தா' என்றொரு நாட்டுக் கரும்பு. இன்னும் அங்கங்கே சரேத்தா, சுன்னி என்று பல பெயர்கள். எல்லாம் விரல் பருமன் கரும்புகள். குளிரையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் விளைச்சல் சொற்பம். நம் தெற்கத்திப் பருத்த கரும்பைக் கொண்டுபோய் நட்டால் அங்குள்ள குளிரில் பிழைக்காது. ஆக, தாங்குகிற கரும்பில் சாறு இல்லை. சாறுள்ள கரும்புக்குத் தாங்கும் சக்தி இல்லை. வெல்லம் காய்ச்சுவதற்கு மட்டும் போதுமானதாகக் கரும்பு விளைந்தது. வெள்ளைச் சர்க்கரையோ ஜாவாவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. உலகுக்குச் சர்க்கரை செய்யக் கற்றுக் கொடுத்த நாடு, தன் வீட்டுக் காப்பிக்கு வெளிநாட்டுச் சர்க்கரையை வாங்கியது.

இந்த அவலத்தைப் போக்கத்தான் 1912-ம் ஆண்டு கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. தலைமை ஏற்றவர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன்பே சென்னை மாகாணத்தில் தாவர இயல் நிபுணராக இருந்தவர். கோதாவரி டெல்டாவில் செவ்வழுகல் நோய் வந்து கரும்பை அழித்தபோது அதை ஆராய்ந்தவர். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர்தான் 28 வயது இளைஞரான வெங்கட்ராமன்.

கரும்பு தேவைப்பட்டது வடக்கே. நிலையத்தை ஏன் தெற்கே கோயமுத்தூரில் வைத்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வடக்கே கரும்பு அநேகமாகப் பூப்பதில்லை. பூத்தாலும் மகரந்தத்தில் உயிர் இருப்பதில்லை. கரும்பு பூக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சரிசமமாக இருக்க வேண்டும். இரவில் குளிர் கடுமையாக இருக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் கோயமுத்தூர் இதற்குத் தோதான இடம். அங்கே கரும்பு தாராளமாகப் பூத்து விதையும் பிடிக்கிறது. கல்யாணம் கோயமுத்தூரில், குடித்தனம் வடக்கே என்று ஏற்பாடாயிற்று. வேலைக்காக வடக்கே வந்து குடித்தனம் நடத்தும் நமக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் புரியும்.

பேய்க்கரும்பும் பருத்த கரும்பும்

பட்டினத்தார் கதையை நாம் அறிவோம். கையில் பேய்க்கரும்பை ஏந்தி ஊர் ஊராகத் திரிந்தார். திருவொற்றியூரில் அது இனித்தது என்பார்கள். பேய்க்கரும்பு என்பது ஆற்றங்கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் நாணல் வகை. இந்தப் பக்கத்தில் 'காஸ்' என்பார்கள். மழை ஓய்ந்ததும் ரயில் பாதையின் இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கிறதே, அதுதான். அதில் இனிப்பு கிடையாது. ஆனால் வெட்ட வெட்டத் தழைக்கும். வறட்சி, வெள்ளம், நோய் எதற்கும் அஞ்சாது. இதுவும் கரும்பின் பங்காளிதான் என்பதைத் தாவர இயல் அறிந்தவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கோயமுத்தூர் நிலையத்தில் 1912-லேயே துணிச்சலான ஒரு காரியம் நடந்தது. வெள்ளை என்ற பெயருள்ள பருத்த, இனிய கரும்பின் பூவில், உள்ளூர்ப் பேய்க்கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். ராஜகுமாரிக்கும் காட்டுவாசிக்கும் கல்யாணம் செய்தது போல! அதில் பிறந்த நாற்றுகளில் ஒன்று தேறியது. அதற்கு கோ 205 என்று பெயர். 1918-ல் பஞ்சாபுக்காக அது வெளியிடப்பட்டது. கத்தாக் கரும்பு நின்ற வயலில் கோ 205 நின்றபோது விளைச்சல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. பேய்க்கரும்பின் திடமும் வெள்ளைக் கரும்பின் இனிப்பும் ஒரே தண்டில் சேர்ந்திருந்தன. இத்தனைக்கும் அன்றைக்கு உலகில் யாரும் பேய்க்கரும்பை இந்த நோக்கத்தோடு இணைத்து, விவசாயிக்குப் பயன்படும் ரகம் ஒன்றைக் கொடுத்ததில்லை.

இந்தக் கல்யாணத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. பொதுவாகத் தாயின் குரோமோசோம்களில் பாதியும் தந்தையின் குரோமோசோம்களில் பாதியும் சேர்ந்து பிள்ளைக்குப் போகும். பருத்த கரும்புக்கு 80 குரோமோசோம். கோயமுத்தூர்ப் பேய்க்கரும்புக்கு 64. வழக்கப்படி பிள்ளைக்கு 40-ம் 32-ம் சேர்ந்து 72 வர வேண்டும். ஆனால் கோ 205-ல் இருந்தது 112. தாய் தன் பங்கைப் பாதியாகக் கொடுக்காமல் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டாள். தந்தை 32 கொடுத்தார். காட்டுக் குணம் அளவோடு நின்று இனிப்பு மேலோங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இயற்கை செய்த இந்த உபகாரத்தை அறியாமலே முதலில் பயன் கண்டார்கள். காரணம் பின்னால் வந்தது.

தலைமைப் பொறுப்பு

1919-ல் பார்பர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் கீழ் இந்தியர்கள் உதவியாளராகவே காலம் தள்ளிய அந்த நாளில் இது சாதாரண விஷயம் அல்ல. 1942 வரை, 23 ஆண்டுகள், அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். உலகக் கரும்பு வரலாற்றில் அந்த 23 ஆண்டுகளுக்குத் தனி இடம் உண்டு.

அவர் வேலை எப்படிப்பட்டது? ஆபீசில் உட்கார்ந்து பைல் பார்க்கும் வேலை அல்ல. பூக்கும் காலம் வந்துவிட்டால் விடிவதற்கு முன்பே வயலில் இருக்க வேண்டும். எந்தக் கதிரின் மகரந்தத்தில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்க வேண்டும். அயோடின் கரைசலை விட்டால் நல்ல மகரந்தம் கறுத்துக் காட்டும். சோடை மகரந்தம் நிறம் மாறாது. மகரந்தம் சோடையான ரகத்தைத் தாயாக வைத்துக்கொள்வது சௌகரியம். தன் மகரந்தம் தன்மேல் விழுந்து குழப்பம் உண்டாகாது. தந்தைக் கதிரை வெட்டிக்கொண்டு வந்து தாய்க் கதிரின் மேல் உதறுவார்கள். வேறு மகரந்தம் காற்றில் வந்துவிடாதபடி துணிக்கூடு கட்டி மூடுவார்கள். விதை முற்றியதும் பஞ்சோடு உதிர்த்து, மட்கிய எருவும் மணலும் கலந்த சட்டிகளில் விதைப்பார்கள். புல் போலத் தலை நீட்டும் நாற்றுகளைக் குழந்தை போல வளர்த்து வயலில் நடுவார்கள்.

பிறகு வருவதுதான் கடினமான வேலை. ஆயிரக்கணக்கில் நின்ற நாற்றுகளில் அநேகமாக எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். சாறு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, வேர் எப்படி, நோய் தாங்குமா என்று வருடக்கணக்கில் சோதித்து ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். விதை போட்ட நாளிலிருந்து ஒரு ரகம் விவசாயி கைக்குப் போகப் பத்து ஆண்டு கூட ஆகிவிடும். பொறுமையில்லாதவர்க்கு இது ஏற்ற உத்தியோகம் அல்ல.

மண்ணுக்கு மேலே தெரிவதை மட்டும் அவர் பார்க்கவில்லை. கரும்பின் வேர் எப்படி ஓடுகிறது, எந்த ரகத்தின் வேர் ஆழம் போகிறது என்பதையும் தம் சகாக்களோடு ஆராய்ந்து எழுதினார். இரண்டு இனங்களோடு நிற்காமல், பருத்த கரும்பு, வட இந்திய நாட்டுக் கரும்பு, பேய்க்கரும்பு என்று மூன்று இனங்களின் ரத்தத்தையும் ஒன்றாகக் கலந்தார். கோ 213, கோ 281, கோ 290, கோ 312, கோ 313 என்று ஒன்றன் பின் ஒன்றாக ரகங்கள் வந்தன. கோ 281-ம் 290-ம் கடல் கடந்து போயின. கரும்பு வாங்கிய நாடு, கரும்பு கொடுக்கும் நாடாயிற்று!

தெற்கே வெப்ப நாட்டுக்கு அவர் காலத்தில் கிடைத்த பெரிய வரம் கோ 419. 1933-ல் செய்த கலப்பு அது. ஜாவாவின் புகழ்பெற்ற 2878 என்ற கரும்பு தாய். கோ 290 தந்தை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் மைசூரிலும் இந்த மகாராஷ்டிரத்திலும் அது பல ஆண்டுகள் கோலோச்சியது. நம் ஊர்ப் பெரியவர்கள் 419 கரும்பு என்று சொல்லக் கேட்டிருக்கிறோமே, அது இதுதான்.

ஆலைப் புகை

1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் வந்தது. வெளிநாட்டுச் சர்க்கரைக்குக் கூடுதல் வரி விழுந்தது. அதுவரை நாடு முழுவதும் முப்பது சொச்சம் சர்க்கரை ஆலைகளே இருந்தன. ஐந்தே ஆண்டுகளில் அது நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. ஜாவாச் சர்க்கரைக் கப்பல் வருவது அநேகமாக நின்றது. சட்டம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. சட்டம் போட்டால் ஆலை கட்டலாம். ஆலைக்குப் போடக் கரும்பு வேண்டாமா? அந்தக் கரும்பு கோயமுத்தூர் ரகங்கள் பரவியிருந்ததால் தயாராக இருந்தது. கோரக்பூரிலும் சம்பாரணிலும் புகை கக்கிய ஆலைகளின் அஸ்திவாரம் கோயமுத்தூரில் ஒரு கதிரின் பஞ்சுக்குள் இருந்தது என்றால் மிகையல்ல.

1937-ம் ஆண்டு ஹைதராபாத்தில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்டின் விஞ்ஞானிகள் எல்லாரும் கூடும் அந்தச் சபையில் தலைமை உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கரும்பு அல்ல. இந்தியக் கிராமம், அதன் நேற்று, இன்று, நாளை என்பதைப் பற்றிப் பேசினார். ஆராய்ச்சி யாருக்காக என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கரும்பு முற்ற நெடுநாள் ஆகிறதே, சோளம் சீக்கிரம் முற்றுகிறதே, இரண்டையும் சேர்த்தால் என்ன என்று யோசித்தார். 1930-ஐ ஒட்டிக் கரும்பையும் சோளத்தையும் இணைத்தார். பிறகு மூங்கிலோடும் இணைத்துப் பார்த்தார். உலக விஞ்ஞானிகள் வியப்போடு பேசினார்கள். ஆனால் வயலில் நிலைக்கும் ரகம் எதுவும் அவற்றிலிருந்து வரவில்லை. பத்து கதவைத் தட்டினால்தான் ஒன்று திறக்கும் என்பது அந்தத் தொழிலின் விதி.

வீழ்ச்சியும் பாடமும்

அவர் பணிக்காலத்திலேயே ஒரு பெரிய அடி விழுந்தது. கோ 213 என்ற ரகம் பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் விவசாயிகளின் செல்லப் பிள்ளையாக இருந்தது. எங்கு பார்த்தாலும் அதே கரும்பு. 1938-க்கும் 1940-க்கும் இடையில் செவ்வழுகல் நோய் அந்தப் பகுதியில் புகுந்தது. கரும்பைப் பிளந்தால் உள்ளே ரத்தம் தோய்ந்தது போல் சிவப்பு, புளித்த நாற்றம், தோகை மஞ்சளாகி வயல் வயலாகக் காய்ந்தது. ஆலைகள் கரும்பில்லாமல் தவித்தன. கரும்புப் பணத்தை நம்பி வாரத்துக்கும் வட்டிக்கும் கடன் வாங்கிய குடும்பங்கள் எப்படித் தவித்திருக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காரணம் முன்பே சொன்னதுதான். ஒரே கரும்பின் துண்டுகள் லட்சக்கணக்கான ஏக்கரில் நின்றன. ஒன்றுக்குத் தாங்கும் சக்தி போனால் எல்லாவற்றுக்கும் போயிற்று. கரணை தரும் சௌகரியமே அதன் ஆபத்தும் ஆகும்.

மருந்து எங்கே இருந்தது? மறுபடியும் பூவில்தான். பூக்க வைத்து, கலப்புச் செய்து, ஆயிரம் நாற்றில் நோய் தாங்கும் ஒன்றைத் தேடி எடுத்து, விழுந்த ரகத்தின் இடத்தில் வைக்க வேண்டும். கோயமுத்தூர் நிலையம் அதைத்தான் செய்தது. இன்றும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறது. அண்மைக் காலத்திலும் இதே கதை திரும்பியது. கர்னாலில் உள்ள அதன் கிளையில் உருவான கோ 0238 என்ற ரகம் 2009-ல் வெளியிடப்பட்டு உத்தரப் பிரதேசக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. விளைச்சலும் சர்க்கரையும் அப்படி ஏறின. ஆனால் சில ஆண்டுகளில் அதையும் செவ்வழுகல் பிடித்தது. ஒரே ரகத்தை நம்பாதீர்கள், பல ரகங்களைக் கலந்து நடுங்கள் என்று விவசாயிகளுக்கு இப்போது நிபுணர்கள் சொல்கிறார்கள். 1940-ல் படித்த பாடத்தை எண்பது ஆண்டு கழித்து மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று.

எழுத்தில் நிற்கும் ஊர்

வெங்கட்ராமனுக்கு அரசாங்க மரியாதைகள் குறைவில்லாமல் வந்தன. பிரிட்டிஷ் அரசு பட்டங்கள் தந்து, ஓய்வு பெற்ற 1942-ம் ஆண்டில் 'சர்' பட்டமும் வழங்கியது. சுதந்திர இந்தியா 1956-ல் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1963-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி அவர் காலமானார். அப்போது தை மாதம். தமிழ்நாட்டில் பொங்கல் கரும்பின் சோகை கூட வீட்டு வாசலில் இன்னும் காய்ந்திருக்காது.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கோ 740, கோ 86032 என்று தந்துகொண்டே இருந்தார்கள். ஜானகி அம்மாள் போன்ற பெரிய விஞ்ஞானிகளும் அவர் காலத்தில் அந்த நிலையத்தில் பணியாற்றிப் பேர் பெற்றார்கள். இன்று உலகில் அதிகமாகச் சர்க்கரை செய்யும் இரண்டு நாடுகளில் இந்தியா ஒன்று. பிரேசில் மற்றொன்று. ஒரு காலத்தில் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த நாடு இது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவர் கண்ட ரகங்கள் எதற்கும் அவர் தம் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் ஒரு எண்ணும் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த எழுத்தும் பல இடங்களில் உதிர்ந்து, வெறும் எண்ணாக நிற்கிறது. கூட்ஸ் ஷெட்டில் நான் பார்த்த விவசாயிக்கு அந்த எண் போதுமானதாக இருந்தது. என்றாலும் விஷயம் என்ன என்று அவருக்கு எனக்குத் தெரிந்த மராத்தியில் எடுத்துச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் இந்தக் கரும்புக்கு நீங்கள் மாமா வீட்டுக்காரர் ஆயிற்றே என்று சிரித்தார். டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.

நாம் வெளி மாநிலத்தில் பிழைக்க வந்தவர்கள். இந்த ஊருக்கு நீ என்ன கொண்டுவந்தாய் என்று என்றாவது யாராவது கேட்கலாம். கேட்காவிட்டாலும் நமக்கே அந்த எண்ணம் வரலாம். சண்டைக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் ரசவந்திக் கடை இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போய் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுங்கள். குடித்து முடித்த பிறகு வெங்கட்ராமன் கதையைச் சொல்லுங்கள்.